பல்வகை நுண்ணறிவும் நம் பிள்ளைகளும்

(ஆலய ஆண்டுத் திருவிழாவையொட்டி நடைபெற்ற பெற்றோர் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு ‘பிள்ளைகள் கல்வியில் சிறக்க’ என்பதாகும். அஃது ஒரு மாலைப்பொழுதில் பேசி முடிக்கக்கூடிய தலைப்பன்று. ஆகவே, அதில் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ள நிர்வாகத்தினரிடம் அனுமதி பெற்றுள்ளேன். நான் ஆசிரியன் அல்லேன். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் பயின்று, புகுமுக வகுப்பில் ஓராண்டு இருந்து, இடைநிலைப்பள்ளி வழியாக அரசாங்க அலுவலகத்துக் கோப்புகளிடையே வந்து சேர்ந்தவன். இரு பிள்ளைகளின் தந்தை என்ற முறையிலும், நம் ஆலயத்துச் சமய வகுப்பைக் கவனித்துவரும் துணைக்குழுவில் ஒருவன் என்ற முறையிலும் சில செய்திகளை உங்கள்முன் வைக்க விரும்புகின்றேன்.

இவ்வாண்டு நிர்வாகத்தின் முன் இரண்டு கேள்விகள் வந்து நிற்கின்றன. முதலாவது, பரிசு பற்றியது. யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 1988இல் தொடங்கிய காலந்தொட்டு, அதில் சிறந்த தேர்ச்சி பெற்ற பிள்ளைகளுக்கு நவராத்திரி விழாவில் மாலையிட்டுப் பரிசளிப்பது நம் வழக்கமாக இருந்தது. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு முதலில் ‘7 ஏ’. 2016 முதல் ‘8 ஏ’. அத்தேர்வு 2019இல் கடைசியாக நடைபெற்றது. 2021இல் அடியோடு அகற்றப்பட்டது. இனி மாலை யார் கழுத்தில் விழும்? இரண்டாவது கேள்வி, நம் மண்டபத்தை ஒரு தனியார் நிறுவனம் கேட்டிருப்பது பற்றியது. பிள்ளைகளின் விரல் ரேகையைப் பதிவுசெய்து, எந்தப் பிள்ளைக்கு எந்த ‘நுண்ணறிவு’ எத்தனை விழுக்காடு உள்ளது என்று அச்சிட்டுத் தருவார்களாம். கட்டணம் பல நூறு ரிங்கிட். இவ்விரண்டு கேள்விகளுக்கும் அடியில் கிடப்பது ஒரே கேள்விதான்: பிள்ளையின் அறிவு என்று நாம் எதைச் சொல்கின்றோம்?

அறிவை எண்ணால் அளக்கலாம் என்னும் எண்ணம் மிகப் பழமையானதன்று. பிரான்சு நாட்டில் அல்ஃபிரெட் பினே என்னும் உளவியலாளர், தியோடோர் சிமோன் என்பாருடன் சேர்ந்து 1905இல் ஒரு சோதனையை உருவாக்கினார். பாரிஸ் நகரப் பள்ளிகளில் எந்தப் பிள்ளைகளுக்குக் கூடுதல் உதவி தேவை என்று கண்டறிவதே அதன் நோக்கம். பயிற்சியால் பிள்ளையின் அறிவு வளராது என்போரைப் பினே கடுமையாக மறுத்தவர். ஆயினும், அச்சோதனை அட்லாண்டிக் கடலைக் கடந்து அமெரிக்கா சென்றபோது அதன் குணமே மாறிப்போயிற்று. உதவி செய்வதற்காகப் பிறந்த கருவி, தரம் பிரிக்கும் கருவியாயிற்று. ‘ஐ.கியூ.’ என்னும் ஓர் எண் பிள்ளையின் வாழ்நாள் முகவரிபோல் ஆனது.

அந்த ஒற்றை எண்ணை எதிர்த்துக் குரல் கொடுத்தவர்களுள் உலகம் நன்கறிந்தவர் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹோவர்ட் கார்ட்னர். 1983ஆம் ஆண்டில் ‘ஃபிரேம்ஸ் ஆஃப் மைண்ட்’ என்னும் நூலை வெளியிட்டார். நம் நாட்டில் கே.பி.எஸ்.ஆர். என்னும் புதிய தொடக்கநிலைக் கலைத்திட்டம் நாடெங்கும் முதலாம் ஆண்டில் நடைமுறைக்கு வந்ததும் அதே ஆண்டில்தான். மனிதனிடம் இருப்பது ஒரே அறிவன்று, ஒன்றுக்கொன்று ஓரளவு தனித்து இயங்கும் பல நுண்ணறிவுகள் என்பது அவர் துணிபு. மொழி, கணக்கும் தருக்கமும், இசை, உடலியக்கம், இடமும் வடிவமும் உணர்தல், பிறரை அறிதல், தன்னை அறிதல் என ஏழினை அந்நூலில் கூறினார். செடிகொடிகளையும் விலங்குகளையும் இனம்பிரித்து அறியும் இயற்கை நுண்ணறிவை எட்டாவதாகப் பின்னர்ச் சேர்த்தார். இன்று நம் ஆசிரியர்களின் பாடக் குறிப்புகளில் ‘பல்வகை நுண்ணறிவு’ என்ற சொல் இடம்பெறுவது இவ்வழி வந்ததே.

கார்ட்னர் இளமையில் பியானோ வாசிக்கப் பயின்றவர். பின்னாளில் பாஸ்டன் நகரத்து மருத்துவமனையில், மூளையில் காயமோ வாதமோ ஏற்பட்ட நோயாளிகளிடையே ஆராய்ச்சி செய்தவர். ஒருவருக்குப் பேச்சு போயிருக்கும், பாட்டு இருக்கும். இன்னொருவருக்குப் பேச்சு இருக்கும், வழி தெரியாது. ரஷ்ய நாட்டு இசையமைப்பாளர் ஷெபாலின் என்பவரின் வரலாறு இத்துறையில் புகழ்பெற்றது. மூளை வாதத்தால் பேசவும் பிறர் பேச்சைப் புரிந்துகொள்ளவும் பெரிதும் இயலாமற்போன அவர், 1963இல் மறையும்வரை இசை இயற்றிக்கொண்டே இருந்தார். பசிபிக் கடலில் கரோலைன் தீவுக்கூட்டத்தைச் சேர்ந்த புலுவாத் தீவு மாலுமிகளையும் கார்ட்னர் தம் நூலில் எடுத்துக்காட்டுகின்றார். கருவி ஏதுமின்றி, விண்மீன்கள் உதிக்கும் இடங்களை மனத்தில் வைத்துக்கொண்டே நூற்றுக்கணக்கான மைல் கடலைக் கடப்பவர்கள் அவர்கள். நம் தேர்வுத் தாளைக் கொடுத்தால் எத்தனை மதிப்பெண் பெறுவார்களோ!

வெளிநாடு வரை போவானேன்? நம் ஆலய வாசலுக்கே வாருங்கள். வெள்ளிக்கிழமை மாலையில் கோலமிடும் சிறுமியரைப் பார்க்கின்றோம். புள்ளி வைத்து, அதைச் சுற்றி ஒரே கோட்டைக் கையெடுக்காமல் இழுத்து, தொடங்கிய இடத்திலேயே கொண்டுவந்து முடிக்கின்றார்கள். அடுத்த வாரம் பெரிதாகப் போடவேண்டுமென்றால், எத்தனை புள்ளி கூட்டுவது என்று யாரையும் கேட்பதில்லை. இஃது ஏதோ கைவேலை என்று நாம் எண்ணியிருக்கின்றோம். தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் பேராசிரியர்களான கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோர் கமலா கிருத்திவாசனுடன் இணைந்து, கோலங்களின் அமைப்புக்குக் கணினி அறிவியல் முறையில் இலக்கணம் வகுத்து 1974இல் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார்கள். கணிதப் பாடத்தில் ‘சி’ வாங்கும் நம் வீட்டுப் பெண், அப்படிப்பட்ட ஒன்றைக் குந்தியமர்ந்து கால்மணி நேரத்தில் போட்டுவிட்டு எழுந்து போகின்றாள்.

தவில் பயிலும் பிள்ளையைப் பாருங்கள். முதலில் கையைத் தொடவிடமாட்டார்கள். சொற்கட்டை வாயால் சொல்லி, தாளத்தைத் தொடையில் தட்டிக் கணக்கு உடம்பில் ஊறிய பிறகுதான் கருவி கைக்கு வரும். மொழி, கணக்கு, இசை, உடலியக்கம் ஆகிய நான்கும் ஒரே பாடத்தில் கலந்து நிற்கின்றன. தைப்பூசத்தன்று தண்ணீர்ப்பந்தலில் நின்று, அழும் குழந்தையையும் கோபப்படும் பெரியவரையும் ஒரே சிரிப்பில் சமாளிக்கும் இளைஞனிடம் இருப்பதும் ஒரு நுண்ணறிவே. அதற்குப் பள்ளியில் மதிப்பெண் இல்லை. வேலைக்குப் போனபின் அதற்குத்தான் மதிப்பு என்பதை அலுவலகத்தில் இருபது ஆண்டுகளாகக் கண்டு வருகின்றேன்.

இதுவரை கேட்டோர், ‘ஆகா, என் பிள்ளை இசைப் பிள்ளை, என் மகள் கோலப் பெண்’ என்று மகிழ்ந்திருப்பீர்கள். மகிழ்ச்சி நியாயமானதே. ஆனால், இங்கேதான் நாம் சற்று நின்று யோசிக்கவேண்டும்.

கார்ட்னரின் கொள்கையை உளவியலாளர் அனைவரும் ஏற்றுக்கொண்டுவிடவில்லை. ஒரு திறனில் சிறந்த பிள்ளை மற்றத் திறன்களிலும் ஓரளவு சிறந்திருப்பதே பெரும்பாலும் காணப்படுகின்றது என்று ஸ்பியர்மன் என்னும் ஆங்கில அறிஞர் 1904இலேயே காட்டினார். அவ்வுண்மை இன்றும் மறையவில்லை. கார்ட்னர் கூறுபவை நுண்ணறிவுகள் அல்ல, திறமைகளே என்று வாதிடுவோரும் உளர். அறிஞர்களின் அந்த வழக்கு நடக்கட்டும். நமக்கு உடனடியாகத் தீங்கு விளைவிக்கக்கூடியது வேறொன்று. ‘இவன் கண்ணால் கற்பவன், இவள் காதால் கற்பவள், இவன் ஓடியாடிக் கற்பவன்’ என்று பிள்ளைகளைப் பிரித்து, அவ்வவ்வழியிலேயே கற்பித்தால் நன்றாகக் கற்பார்கள் என்னும் நம்பிக்கைதான் அது. கேட்பதற்கு இனிமையாகவும் நியாயமாகவும் இருக்கின்றது. 2008இல் அமெரிக்க உளவியலாளர் நால்வர் இதுபற்றிய ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்து, இந்நம்பிக்கைக்குப் போதிய சான்று இல்லை என்று எழுதினார்கள். கார்ட்னரும் 2013இல், தம் நுண்ணறிவுக் கொள்கை வேறு, இந்தக் ‘கற்றல் பாணி’ வேறு என்று தெளிவுபடுத்தினார். ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியே அறிந்துகொள்ளுங்கள்; முக்கியமான ஒரு பொருளைப் பல வழிகளில் கற்பியுங்கள் என்பதே ஆசிரியர்களுக்கு அவர் கூறியதன் சாரம்.

பல வழிகள் எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியன என்பதை நினைவில் கொள்ளுங்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு வழி என்று பூட்டிவிடுவதற்கு அக்கொள்கை இடந்தரவில்லை.

இது நமக்குப் புதிதா? திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளை மணலில் விரலால் எழுதியது. எழுதும்போதே வாய்விட்டுச் சொல்லியது. விரல், கண், வாய், காது நான்கும் ஒரே எழுத்தின்மீது வேலை செய்தன. மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தது. சென்னையில் ஆதரவற்ற சிறுவர் இல்லமொன்றை நடத்திவந்த ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார், நம்மவர் பிள்ளைகள் மணலில் எழுதிக் கற்பதைக் கண்டு வியந்து, அதைத் தம் பள்ளியில் புகுத்தினார். மாணவனுக்கு மாணவனே ஆசிரியனாகும் முறையையும் சேர்த்து 1797இல் நூலாக வெளியிட்டார். இங்கிலாந்தில் அதற்கு வழங்கிய பெயரே ‘சென்னை முறை’. பின்னாளில் மரியா மாண்டிசோரி அம்மையார், உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளைப் பிள்ளைகள் விரலால் தடவிக் கற்கும் முறையை உருவாக்கினார். அவ்வம்மையார் 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து, போர்க்காலம் முழுவதும் இந்தியாவில் தங்கி ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார்.

விஜயதசமியன்று நம் ஆலயத்தில் வித்யாரம்பம் நடக்கின்றது. தாம்பாளத்து அரிசியில் குழந்தையின் விரலைப் பிடித்து ‘அ’ எழுதுவிக்கின்றோம். படம் எடுக்கின்றோம். அத்துடன் அரிசி சமையற்கட்டுக்கும் குழந்தை பயிற்சிப் புத்தகத்துக்கும் போய்விடுகின்றன. அந்தத் தாம்பாளம் அடுத்த மூன்று மாதமேனும் வீட்டில் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

நம் எழுத்து முறையையும் குழந்தையின் கண்கொண்டு ஒருமுறை பாருங்கள். 247 எழுத்துகள். ஓர் எழுத்துக்கு ஏறக்குறைய ஓர் ஒலி என்பது பெரிய வசதிதான். ஆங்கிலத்தில் அவ்வசதி இல்லை. எனினும், ‘கெ’ என்னும் எழுத்தில் முதலில் ஒலிப்பது ‘க்’. எழுத்திலோ கொம்பு முன்னே வந்து நிற்கின்றது. ‘கொ’ என்றால் முன்னும் பின்னும் குறி. லகர, ழகர, ளகரங்களை ஒரே மாதிரி ஒலித்துவிட்டு, எழுதும்போது மட்டும் பிழை என்று சிவப்பு மையால் சுழிக்கின்றோம். இதே ஏழு வயதில் அக்குழந்தை மலாயும் ஆங்கிலமும் வேறோர் எழுத்தில் கற்கின்றது. மூன்று மொழிகளையும் இரண்டு எழுத்து முறைகளையும் ஒருங்கே ஏந்தி நிற்கும் பிள்ளையைப் பார்த்து ‘மக்கு’ என்று சொல்ல நமக்கு எப்படித்தான் மனம் வருகின்றதோ தெரியவில்லை.

இனி, நான் மிகவும் வற்புறுத்த விரும்புவதைச் சொல்கின்றேன். சமய வகுப்புக்கு வரும் பிள்ளைகளுள் சிலர், உருமி மேளத்தை ஒருமுறை கேட்டால் அப்படியே வாசிப்பார்கள். தேவாரப் பாடலைச் செவிவழி கேட்டுப் பிழையின்றிப் பாடுவார்கள். புத்தகத்தைக் கையில் கொடுத்தால் வாய் அடைத்துப்போகும். மூன்றாம், நான்காம் ஆண்டுக்கு வந்தும் நிலை அதுவே. இப்பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது, ‘அவன் இசை நுண்ணறிவு உடையவன், வாசிப்பு வராவிட்டால் என்ன?’ என்று அன்போடு கூறுவோர் உள்ளனர். அன்பு மெய்யானது, ஆனால், அச்சொல் அப்பிள்ளைக்குக் கதவைச் சாத்துகின்றது. உருமி வாசிப்பவனும் ஒப்பந்தத்தைப் படித்துத்தான் கையொப்பமிட வேண்டும். மருந்துப் புட்டியைப் படித்துத்தான் அம்மாவுக்கு மருந்து கொடுக்க வேண்டும். இசை அவனுக்கு இருக்கின்ற செல்வம். அதைக் காட்டி வாசிப்பை அவனிடமிருந்து பறித்துவிடலாகாது.

நல்ல பேச்சும் கூர்மையும் உள்ள பிள்ளைக்கு வாசிப்பு மட்டும் வரவில்லையென்றால், முதலில் கண்ணையும் காதையும் சோதித்துவிடுங்கள். அடுத்து, டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்புக் குறைபாடாக இருக்கலாமோ என்று கேளுங்கள். அஃது அறிவுக் குறைவன்று, சோம்பலும் அன்று. ஒலியையும் எழுத்தையும் இணைப்பதில் மூளைக்குள்ள சிரமம். ஒலிகளைப் பிரித்துக் காட்டி, எழுத்தை விரலால் தடவச் செய்து, சிறிது சிறிதாக, முறையாக, பலமுறை கற்பித்தால் பெரும்பாலோர் வாசிக்கக் கற்றுக்கொள்கின்றனர். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகின்றோமோ அவ்வளவு நன்மை. அரசாங்கச் சுகாதார நிலையத்தில் குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் 1 ரிங்கிட். அங்கிருந்து மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம் பெறலாம். தேவையென்று மருத்துவர் உறுதிப்படுத்தினால், சமூகநலத் துறையில் ‘ஓ.கே.யூ.’ பதிவு செய்யலாம். தேர்வில் கூடுதல் நேரம் போன்ற உதவிகளுக்கு விண்ணப்பிக்கலாம்.

‘அட்டை எடுத்தால் பிள்ளைக்கு யார் பெண் கொடுப்பார்கள்?’ என்று ஒரு தாயார் என்னிடம் கேட்டார். பிள்ளைக்கு வயது ஒன்பது! பாரங்களோடும் முத்திரைகளோடும் வாழ்பவன் என்ற முறையில் ஒன்று சொல்கின்றேன்: அந்த அட்டை சட்டைப்பையில் இருப்பது, யாருடைய நெற்றியிலும் ஒட்டப்படுவதன்று. ‘மக்கு’ என்ற பெயர்தான் நெற்றியில் ஒட்டிக்கொள்கின்றது. அதை ஒட்டுவதற்கு எந்த விண்ணப்பமும் தேவைப்படுவதில்லை.

இப்போது விரல் ரேகைக்கு வருவோம். விரல் ரேகை தாயின் கருவிலேயே, பிறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன்னரே அமைந்துவிடுகின்றது. அதன்பின் அது மாறுவதில்லை. ஆகவேதான் அடையாள அட்டைக்கு அது பயன்படுகின்றது. கற்பதால் மாறாத ஒன்றைப் பார்த்து, கற்கும் ஆற்றலை விழுக்காட்டுக் கணக்கில் கூறமுடியும் என்பதற்கு அறிவியல் சான்று இல்லை. கார்ட்னரின் பெயரை விளம்பரத்தாளில் பெரிதாகப் போட்டிருக்கின்றார்கள். அவருடைய கொள்கையிலோ விரல் ரேகைக்கு இடமே இல்லை. நம்மில் கைரேகை சோதிடத்தை நம்புவோர் இருக்கலாம். அஃது அவரவர் விருப்பம். கைரேகை சோதிடம் தன்னைச் சோதிடம் என்றே சொல்லிக்கொள்கின்றது. இதுவோ வண்ணப்படம் போட்ட அறிக்கையாக வந்து, ‘உங்கள் மகனுக்கு மொழி நுண்ணறிவு 8 விழுக்காடு’ என்கின்றது. ஐந்து வயதில் அவ்வறிக்கையைக் கையில் வாங்கிய பெற்றோர், அப்பிள்ளைக்கு இனிக் கதைப்புத்தகம் வாங்குவார்களா?

மண்டபத்தை வாடகைக்கு விடுவதால் ஆலயத்துக்கு வருமானம் என்பதை நான் அறிவேன். கூரை ஒழுகுவதையும் அறிவேன். எனினும், சந்நிதிக்குப் பக்கத்தில் நடப்பதை மக்கள் கோயிலின் சொல்லாகவே எடுத்துக்கொள்வார்கள். ஆகவே, இதற்கு மண்டபம் தரவேண்டாமென்று நிர்வாகத்தினரைக் கேட்டுக்கொள்கின்றேன். குழுவில் இதுகுறித்து மாற்றுக் கருத்து உடையோரும் இருக்கின்றனர். அவர்கள் இங்கேயே எழுந்து பேசினாலும் நல்லது.

பரிசைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகின்றேன். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு கிண்ணம் என்னும் யோசனை எனக்கு உடன்பாடில்லை. பிள்ளைகள் ஏமாளிகள் அல்லர்; எதற்கும் கொடுக்கப்படாத பரிசு எதற்குமில்லை என்பதை அவர்கள் நம்மைவிட விரைவில் கண்டுகொள்வார்கள். எஸ்.பி.எம். தேர்வில் சிறந்தோருக்கு இப்போதுள்ள பரிசு தொடரட்டும். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு, செய்த வேலைக்காகப் பரிசளிக்கலாம்: ஒரு பதிகத்தைத் தான் கற்று இன்னொரு பிள்ளைக்கும் கற்பித்தவர், நந்தவனத்துச் செடிகளுக்குப் பெயர்ப்பலகை எழுதி வைத்தவர், சென்ற ஆண்டு ஒரு வரி வாசிக்கத் திணறி இவ்வாண்டு ஒரு பக்கம் வாசித்தவர். கடைசியாகச் சொன்னவருக்கு மாலை சற்றுப் பெரிதாகவே இருக்கலாம்.

சமய வகுப்பில் அடுத்த மாதம் முதல் சில மாற்றங்கள் செய்ய ஆசிரியர்கள் இசைந்துள்ளனர். தேவாரம் முதலில் செவிவழி, தாளத்துடன். பாடல் மனத்தில் நின்றபின் அதே பாடலைப் புத்தகத்தில் விரல் வைத்து வாசித்தல். வாய் அறிந்த சொல்லைக் கண் அடையாளம் காணுவது எளிது என்பதால் இவ்வரிசை. சிறியோர்க்கு அரிசித் தாம்பாளமும் மணல் தட்டும். நாயன்மார் வரலாறு கேட்டபின் நடித்துக் காட்டல், வரைதல். வாசிப்பில் பின்தங்கியோர்க்கு வகுப்புக்குப்பின் அரைமணி நேரம், ஓர் ஆசிரியருக்கு மூன்று பிள்ளைகளுக்கு மேற்படாமல்.

இதற்குத் தன்னார்வலர் நால்வர் தேவை. தமிழ் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்து, பொறுமையும் இருந்தால் போதும், பட்டம் வேண்டியதில்லை. அர்ச்சனைச் சீட்டு வழங்கும் முகப்பில் ஒரு குறிப்பேடு வைத்துள்ளோம். பெயரையும் தொலைபேசி எண்ணையும் எழுதிவிட்டுச் செல்லுமாறு வேண்டிக்கொள்கின்றேன். பிள்ளையின் வாசிப்புக் குறித்துத் தனியே பேச விரும்பும் பெற்றோர், இரவுப் பூசை முடிந்தபின் மடைப்பள்ளிப் பக்கத்து அறையில் என்னையும் வகுப்பு ஆசிரியையையும் காணலாம். பிள்ளைகளை உடன் அழைத்துவர வேண்டாம். அவர்கள் காதுபட இதைப் பேசவேண்டியதில்லை.